தொண்டைக்குள் ஒரு டிரம்பெட்

1931இல் பதிவான 'டைகர் ராக்' இசைத்தட்டை முதல்முறை கேட்பவர்கள் டிரம்பெட் வாசிப்பவர் யார் என்று தேடுவார்கள். அப்படி ஒருவர் இல்லை. டிரம்பெட், டியூபா எல்லாமே மில்ஸ் சகோதரர்களின் வாயிலிருந்து வருகின்றன. நிஜ வாத்தியம் ஒரு கிதார் மட்டும். கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்று இதைத் தட்டின் லேபிளிலேயே அச்சிட்டார்கள்!

ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்ட் நால்வரும் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூர்ப் பிள்ளைகள். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், தாமும் பாடகர். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் 'கஸூ' என்ற சிறு கருவியைத் தொலைத்துவிட்ட ஹாரி, கைகளை வாயருகே குவித்து டிரம்பெட்டாக ஒலித்தாராம். பாணி பிறந்த கதை அது. பிறகு சின்சினாட்டி வானொலி, நியூயார்க்.

எனக்கு உயிர், எல்லோருக்கும் அடியில் நடந்துபோகும் அந்த டியூபாக் குரல்தான். அது மூத்தவர் ஜானுடையது; கிதாரும் அவரே. மற்றவர்கள் எவ்வளவு துள்ளினாலும் தாளம் அவர் தொண்டையில் பத்திரமாக இருக்கும். 1936இல் அவர் இளவயதிலேயே இறந்துபோனார். குழு கலைந்திருக்கலாம். மகன் நின்ற இடத்தில் அப்பா வந்து நின்றார்.

1943இல் 12 வாரம் முதலிடத்தில் இருந்த 'பேப்பர் டால்' பாட்டைக் கேட்கும்போது அடிக்குரலை மட்டும் பிரித்துக் கேளுங்கள். பாடுவது அந்த அப்பா.