ஓவர்லே போதுமா?

இணையதளத்தில் ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், பார்வையற்றோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கப்படுபவை ‘ஓவர்லே’ கருவிகள். பக்கத்தின் ஓரத்தில் மனித உருவம் வரைந்த வட்டப் பட்டனாக இவற்றைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும்.

ஆதரவு வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய தளத்தைத் திருத்தி எழுத ஆளும் பணமும் வேண்டும். சிறு வணிகருக்கு ஓவர்லேவுக்குச் சந்தா கட்டுவது சுலபம். பார்வை மங்கிய முதியவருக்குப் பெரிய எழுத்து உதவும். ஆனால் அந்த வசதி பிரவுசரிலும் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது.

முற்றிலும் பார்வையற்றவர் நம்பியிருப்பது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரை. தானும் பார்வையற்றவரான ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கிறது. அது திரையின் அழகைப் பார்ப்பதில்லை, அடியிலுள்ள நிரலைத்தான் படிக்கிறது. படிவத்தின் எந்தக் கட்டத்தில் பெயர், எதில் போன் எண் என்று நிரலில் குறிக்காவிட்டால் ‘எடிட்’, ‘எடிட்’ என்றே ஒலிக்கும். ஓவர்லே இந்த இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. புடவைப் படத்துக்கு ‘சேலை கட்டிய பெண்’ என்று அது விவரம் தரலாம். வாங்குபவர் கேட்பதோ கரையின் நிறத்தையும் முந்தானை வேலைப்பாட்டையும். கடைக்காரர் எழுதினாலொழிய அது வராது. பணம் கட்டும் பக்கத்தில் ஊகம் பிசகினால் வாங்கவே முடியாது.

பயனர்களின் தீர்ப்பும் இதுவே. அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 2021இல் அக்செசிபி என்ற ஓவர்லே நிறுவனத்தைக் கண்டித்தது. எந்தத் தளத்தையும் இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி நெறிகளுக்கு இணங்கச் செய்வோம் என்ற அதன் விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது என்று குற்றஞ்சாட்டிய அமெரிக்க வணிக ஆணையம், 10 லட்சம் டாலர் கட்டச் சொன்ன உத்தரவை 2025 ஏப்ரலில் உறுதிசெய்தது.

ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு ஓவர்லே மேல் அல்லவா என்று கேட்பார்கள். நான் ஏற்கமாட்டேன். பட்டன் வந்ததும் வேலை முடிந்தது என்று தளத்துக்காரர் நம்பிவிடுகிறார். திருத்த வேண்டிய நிரல் அப்படியே கிடக்கிறது. பெரிய தீங்கு அதுதான்.

டிஜிட்டல் அணுகலும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறிவிட்டது. இனி இங்கும் குறுக்குவழி தேடுவோர் பெருகுவார்கள். அவர்களிடம் கேட்பது இதைத்தான்: சந்தாப் பணத்தில் முதலில் படிவங்களைச் சரிசெய்யுங்கள், பிறகு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து, தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.