கிரீந்திரசேகர போசும் எதிர்விழைவுக் கொள்கையும்

உளப்பகுப்பாய்வைத் தமிழில் எடுத்துரைப்போர் வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டில் தொடங்கி, பெரும்பாலும் மேனாட்டாருடனேயே முடித்துவிடுகின்றனர். கீழைநாட்டார் அத்துறையைக் கற்றனரேயன்றி அதற்கு யாதும் வழங்கினாரல்லர் என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியுளது. இவ்வெண்ணத்தை மறுத்தற்குக் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர போசின் (1887–1953) வாழ்க்கை ஒன்றே போதும். அவரைப் பிராய்டின் இந்திய மாணாக்கர் எனப் பாராட்டுவாரும் உளர். பாராட்டே ஆயினும் அது பொருந்துவதன்று. அவர் பிராய்டிடம் பாடங் கேட்டவரல்லர். அவரை ஒருகாலும் நேரிற் கண்டவருமல்லர்.

போஸ் 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவசியக் கலையிலும் யோக நூல்களிலும் அவருக்கு இளமை முதலே ஈடுபாடு இருந்தது. மருத்துவராய் நிலைபெற்ற பின்னரும், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் கல்வி புதிதாகத் தொடங்கப்பெற்றபோது மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து, 1917 இல் முதுகலைமாணியானார். தொழில் கைவந்த ஒருவர் முப்பது வயதிற் பரீட்சைக்கு அமர்தல் எளிய செயலன்று. பின்பு அப்பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராகி, அடக்கப்பட்ட விழைவுகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1921 இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அந்நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். அத்துணைத் தொலைவான நாட்டில் தம் துறைக்கு இத்தகைய வரவேற்பா எனப் பிராய்டு வியந்து விடை எழுதினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது.

1922 ஜனவரியிற் பார்சிபாகான் ஒழுங்கையிலுள்ள போசின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியோரிற் பெரும்பகுதியினர் உளவியலும் மெய்யியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள் என்பது ஊன்றி நோக்கற்பாலது. மேனாட்டில் மருத்துவரின் ஆலோசனை அறையிற் பிறந்த கலை, வங்கத்தில் ஆசிரியர் கூட்டத்திற் கால்கொண்டது. போசின் கொள்கைக்கும் சிகிச்சைக்கும் உரிய பெருமையும் குறையும் இதனின்றே விளைந்தன எனலாம்.

அவர் கொள்கை யாது? ஒவ்வொரு விழைவும் தனித்து எழுவதில்லை. அதன் எதிர்விழைவும் உடன் எழுகின்றது என்பதே. ஒருவனை அடிக்க வேண்டும் என்னும் விழைவு தோன்றுமிடத்து, அடிபட வேண்டும் என்னும் விழைவும் நனவிலி மனத்தில் உடன் நிற்கும். காண விழைவதும் காணப்பட விழைவதும் அத்தகைய ஓர் இணை. இரண்டும் ஒருங்கே நிறைவுபெற முடியாமையால் ஒன்று மேலோங்க, மற்றையது அமிழ்த்தப்படுகின்றது. பிராய்டின் கருத்துப்படி அமிழ்த்துவது சமூகமும் தந்தையின் அச்சுறுத்தலும் ஆகிய புறவலி. போசின் கருத்துப்படியோ விழைவை அமிழ்த்துவது அதன் எதிர் விழைவே. பிரம்பைக் கையிலெடுக்கும் ஆசிரியர் எவரும் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் தகும்.

இக்கொள்கை தமிழருக்குப் புதுமையாகத் தோன்ற வேண்டுவதில்லை. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில், சிவனது நெற்றிக்கண்ணால் மதனன் எரிவதும், இரதி புலம்புவதும், அவன் மீள்வதும் ஒரு தொடராக நிகழ்கின்றன. தமிழகத்து லாவணியிலோ காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என ஒரு கட்சியும் எதிரெதிர் நின்று வாதிடும். போசின் கண்கொண்டு நோக்கின், இவ்விரு கட்சியும் ஒரே மனத்துக்குரியன. விழைவு எரிக்கப்பட்டது என்பதும் எரியாது நிற்கின்றது என்பதும் ஒருங்கே மெய். போஸ் இக்கூத்தைப் பற்றி எழுதினாரல்லர். எனினும் அவர் கொள்கையை விளக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

நோயாளியிடம் அவர் கையாண்ட முறையும் இக்கொள்கைவழி அமைந்ததே. பிறர் தமக்குத் தீங்கிழைப்பதாக அஞ்சி வருந்துவோரை, அப்பிறரின் நிலையில் தம்மை வைத்துக் கற்பனை செய்யுமாறு பணிப்பார். பின் மீண்டும் தம் நிலைக்குத் திருப்புவார். ஏற்றப்பலகை இருபுறமும் மாறி மாறி எழுந்து தாழ்வதுபோல் விழைவும் எதிர்விழைவும் வெளிப்பட, அடைப்புத் தளரும் என்பது அவர் துணிபு. ஈண்டே குறையும் தலைகாட்டுகின்றது. நோயாளி வாய்க்கு வந்ததைத் தடையின்றிக் கூற, மருத்துவர் பொறுத்திருந்து கேட்பது பிராய்டின் நெறி. போஸ் கேட்டதோடு நில்லாது வழிநடத்தினார். கற்பனைக்குரிய பொருளை ஆசானே எடுத்துக் கொடுத்தால், வெளிவருவது நோயாளியின் மனமா, ஆசானின் பாடமா என்பதை எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்கு அவர் நூல்களில் நிறைவான விடையில்லை.

பிராய்டும் இக்கொள்கையை முழுமையாக ஏற்றாரல்லர். அது வடிவத்தைக் கூறுகின்றதேயன்றி இயக்கும் ஆற்றலைக் கூறவில்லை என்பது அவர் தடை. தடையில் நியாயம் உண்டு. ஆயினும் 1929 இல் போஸ் வேறொன்றையும் அவர் முன் வைத்தார். மேனாட்டு ஆடவரிடம் முனைப்பாகக் காணப்பெறும் ஆண்மையிழப்பச்சம் இந்திய நோயாளரிடம் அத்துணை முனைப்பாக இல்லை. பெண்ணாக வேண்டும் என்னும் விழைவு இவரிடம் எளிதில் வெளிப்படுகின்றது என்றார். இவ்வேறுபாடு தம் கருத்தைக் கவர்ந்ததாகப் பிராய்டு மறுமொழி எழுதினார். வியன்னாவிற் கண்டது மானுடம் முழுமைக்கும் பொதுவோ என்னும் கேள்வியை, அயலாட்சிக்குட்பட்ட நாட்டின் விரிவுரையாளர் ஒருவர் தயங்காது எழுப்பினார். அதுவும் பணிவு குன்றாமல். பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளையொட்டி 1931 இற் கல்கத்தாச் சங்கம் அனுப்பிய தந்தத் திருமாலுருவம் அவர் மேசையில் இடம்பெற்றது.

வங்க மொழியிற் போஸ் ஆற்றிய பணி தனியே பேசத்தக்கது. கனவுகளைப் பற்றிய அவரது 'ஸ்வப்ன' 1928 இல் வெளிவந்தது. கலைச்சொற்களைத் தாய்மொழியில் ஆக்கித் தந்தமை அவர்தம் கொடைகளுட் சிறந்தது. ஆனால் 'புராணப் பிரவேச' (1934) ஏமாற்றமளிக்கின்றது. புராணங்களின் கால வரிசையையும் மன்னர் பரம்பரையையும் ஆய்ந்த அவர், அவற்றுள் உறையும் கனவுகளை ஆய்ந்திருப்பின் உலகுக்கே புதுவது கிடைத்திருக்கும். உளப்பகுப்பாய்வாளரும் புராண அறிஞரும் ஓருடலில் வாழ்ந்தும் ஒருவரோடொருவர் போதிய அளவு உரையாடவில்லை.

அவரிடம் சிகிச்சைக்கு வந்தோரிற் பலர் ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினர். இந்தியரின் மனம் என அவர் எழுதியதை இவ்வரம்புக்குட்பட்டே கொள்ளல் வேண்டும். ஆயினும் 1933 இற் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார்; 1940 இல் லும்பினி பார்க் மருத்துவமனையும் எழுந்தது. ஆங்கில ஆய்விதழாகிய 'சமீக்ஷா' வந்தது 1947 இலேயே. இம்முறையோ நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பல மாதங்கள் வேண்டுவது. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி மனங் கலங்கினால், லயத்தார் அவளைக் கோடாங்கியிடம் அழைத்துச் சென்று உடுக்கொலி கேட்கச் செய்வது அறியாமையால் மட்டும் அன்று. உடுக்கு ஓரிரவில் முடிந்துவிடும். மறுநாட் காலையிற் பெயர் பதிய அவள் மலைக்குச் செல்லலாம்.