சுனில் தத் நடந்த தூரம்

1984 டிசம்பர் தேர்தலில் இந்தித் திரையில் பேர் வாங்கிய மூவர் காங்கிரஸ் வேட்பாளர்களாக நின்று மக்களவைக்குப் போனார்கள். அலகாபாத்தில் அமிதாப் பச்சனிடம் பகுகுணா தோற்றார். தென்சென்னையில் வைஜயந்திமாலாவிடம் இரா. செழியன், பம்பாய் வடமேற்கில் சுனில் தத்திடம் ராம் ஜெத்மலானி. தோற்ற மூவருமே நாடாளுமன்றத்தில் பழுத்தவர்கள். இந்திரா காந்தி கொலைக்குப் பின் வீசிய அனுதாப அலையில் யார் நின்றாலும் வென்றிருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அலை ஓய்ந்த பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அமிதாப் 1987இல் போபர்ஸ் சர்ச்சையின் நடுவே பதவி விலகினார். அதன் பிறகு தேர்தல் பக்கமே வரவில்லை. சுனில் தத் ஐந்து முறை வென்றார்.

சுனில் தத், ராஜேஷ் கன்னாவைப் போலக் கூட்டத்தைக் கிறங்கடித்த நாயகன் அல்ல. ஜீலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1929இல் பிறந்த பல்ராஜ் தத், பிரிவினையில் ஊரை இழந்து வந்த அகதி. பம்பாயில் கல்லூரியில் படித்தார். இலங்கை வானொலியின் இந்தி நிகழ்ச்சிகளுக்காக நடிகர்களைப் பேட்டி கண்டார். முதல் படம் 1955இல் வந்த ‘ரயில்வே பிளாட்ஃபார்ம்’. இரண்டே ஆண்டில் ‘மதர் இந்தியா’: பெற்ற தாயே சுட்டு வீழ்த்தும் அடங்காத மகன் பிர்ஜு. அந்தப் படப்பிடிப்பில், தாயாக நடித்த நர்கிஸ் தீயில் சிக்கியபோது காப்பாற்றினார். 1958இல் அவரையே மணந்தார். சம்பல் கொள்ளையனாக நடித்த ‘முஜே ஜீனே தோ’ அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது தந்தது. அடுத்த விருதைத் தந்த ‘கான்தான்’, நம் ‘பாகப்பிரிவினை’யின் இந்தி வடிவம். இரண்டையும் இயக்கியவர் பீம்சிங். சிவாஜி நடித்த வேடம் தத்துக்கு.

இதே காலத்தில் அஜந்தா கலைக்குழுவைக் கூட்டிக்கொண்டு, எல்லைக்காவலில் இருந்த வீரர்களுக்காக நிகழ்ச்சி நடத்தப் போய்வந்தார். அவருடைய பொதுவாழ்வு அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். 1981இல் நர்கிஸைப் புற்றுநோய் கொண்டுபோனது. அவர் பெயரில் நோயாளிகளுக்கான அறக்கட்டளை வைத்தார். 1987இல், பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, பம்பாயிலிருந்து அமிர்தசரஸ் பொற்கோயில் வரை அமைதி வேண்டி நடந்தார். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். உடன் நடந்தவர்களில் ஒருவர் மகள் பிரியா.

பம்பாய்க் கலவரத்தை அரசு அடக்கத் தவறியதைக் கண்டித்து 1993இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியேதான். அந்த ஆண்டே மகன் சஞ்சய் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 1996, 1998 தேர்தல்களில் தத் நிற்கவில்லை. 1999இல் நின்றார்; மக்கள் மறக்கவில்லை.

மற்றவர்களைப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1991இல் புதுதில்லியில் அத்வானியிடம் 1,589 வாக்குகளில் தோற்ற ராஜேஷ் கன்னா, அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் இன்னொரு நடிகரான சத்ருகன் சின்ஹாவை வென்றார். 1996க்குப் பிறகு மக்களவையில் இல்லை. 2004இல் பிகானேரில் தர்மேந்திராவும் வடக்கு மும்பையில் கோவிந்தாவும் வென்றார்கள். 2009இல் இருவருமே நிற்கவில்லை. குர்தாஸ்பூரில் நான்கு முறை வென்ற வினோத் கன்னாவை ஆற்றுப் பாலங்கள் கட்டியவர் என்று நினைவுகூர்கிறார்கள்.

எம்ஜிஆர் போல, என்டிஆர் போல இவர்களில் ஒருவராலும் கட்சி கட்டி ஆட்சி பிடிக்க முடியவில்லை. தேவ் ஆனந்த் 1979இல் ஒரு கட்சி தொடங்கினார். அது விரைவிலேயே கலைந்தது. காரணம் ஆளின் குறை அல்ல. இந்திப் படம் பிறப்பது மராட்டி பேசும் மண்ணில். ஓடுவது பல மாநிலங்களில். ரசிகன் எங்கும் இருக்கிறான். ஒரே மாநிலத்தில் கிளை கிளையாகத் திரண்ட மன்றம் இல்லை. ஆகவே கட்சிகள் நட்சத்திரத்தை ஒரு தேர்தலுக்கு இரவல் வாங்கின. முகம் வாக்கு வாங்கித் தந்தது. தொகுதியில் வேர்விட, கால் தேய உழைக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களில் சுனில் தத்தையே நான் முதலில் வைப்பேன்.

2005 மே 25இல் அவர் இறந்தபோது மத்திய இளைஞர் நலம், விளையாட்டுத் துறை அமைச்சர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதியில் வென்றவர், அமிர்தசரஸ் வரை அவரோடு நடந்த பிரியா.