நிரலின் வரலாற்றைப் படிக்கும் அளவுகோல்

மென்பொருள் நிரலின் சிக்கலை எண்ணால் சொல்ல முடியும் என்று 1976-இல் தாமஸ் மெக்கேப் காட்டினார். நிரலில் பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் சிக்கலின் அளவு கிடைக்கும். அது 10-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர் பரிந்துரைத்த வரம்பு. அழகான அளவுதான், ஆனால் போதாது. வரிசையாக அடுக்கிய 12 நிபந்தனைகளை எளிதாகப் படித்துவிடலாம். ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்த நான்கு நிபந்தனைகள் தலைசுற்ற வைக்கும். மெக்கேப் கணக்கிலோ முன்னதற்கே அதிக எண்.

நிரலோடு அதன் திருத்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும் அணுகுமுறையை நான் மதிப்பது இதனால்தான். எந்தக் கோப்பு எப்போது மாறியது என்பதைக் கிட் போன்ற கருவிகள் பதிந்து வைக்கின்றன. சிக்கலான கோப்பை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடவில்லை என்றால் அவசரமில்லை. சிக்கலான கோப்பே அடிக்கடி திருத்தப்பட்டால் அங்கேதான் சீரமைப்பு தொடங்க வேண்டும். தொடர்பற்றவை போலத் தோன்றும் இரண்டு கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறினால், வடிவமைப்பில் சொல்லப்படாத பிணைப்பு ஒன்று உண்டு. விண்டோஸ் சர்வர் 2003-ஐ ஆராய்ந்த நாச்சியப்பன் நாகப்பனும் தாமஸ் பாலும், நிரலின் அளவோடு ஒப்பிட்ட திருத்த விகிதம் பிழைச்செறிவை நன்றாக முன்னுணர்த்துவதை 2005-இல் காட்டினர்.

வரலாறு கடந்ததை மட்டுமே சொல்லும், எண்ணை இலக்காக்கினால் ஆட்கள் எண்ணுக்காகவே எழுதுவார்கள் என்பவை நியாயமான மறுப்புகள். ஆனால் இந்த எண்கள் தீர்ப்பு எழுத வந்தவை அல்ல. ஆயிரக்கணக்கான கோப்புகளில் முதலில் எதைத் திறந்து படிப்பது என்று வழிகாட்டுபவை. ஊழியரை எடைபோடாமல், நிரலைப் படிக்கப் பயன்படுத்தும்வரை அவை நம்பத்தக்கவை.