துணைவேந்தர் நாற்காலி: இக்கரையும் அக்கரையும்

யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர் தெரிவு நெருங்கினால் பேரவை உறுப்பினர்களின் தொலைபேசிக்கு ஓய்விராது. சென்னையிலோ வழக்கறிஞர்களுக்கு ஓய்விராது. பதவி ஒன்றுதான், மூன்று ஆண்டுக் காலமும் ஒன்றுதான். ஆளைத் தேடும் முறைதான் வேறு.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அதன்படி பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தன் சிபாரிசுடன் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பும். மூவரில் அதிக வாக்குப் பெற்றவரையே நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஜனாதிபதிக்கு இல்லை. பேரவையில் பீடாதிபதிகளும் மூதவைப் பிரதிநிதிகளும் இருப்பதால், உள்ளே கற்பிப்பவர்களுக்கு இந்தத் தெரிவில் நேரடி வாக்கு உண்டு. அது சிறிய விஷயமல்ல.

ஆனால் பேரவையின் வெளிவாரி உறுப்பினர்களை நியமிப்பது ஆணைக்குழு. ஆணைக்குழுவை நியமிப்பது ஜனாதிபதி. ஆட்சி மாறினால் பேரவையின் முகங்களும் மாறுகின்றன. சுற்றிச் சுற்றி எல்லாம் கொழும்பில் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்களும் சளைத்தவர்களல்லர். பீடாதிபதியும் பீடச் சபையின் வாக்கால் தெரிவாகிறவர் என்பதால், துணைவேந்தர் போட்டிக்கான அணி சேர்ப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாடத்திட்டம் பழசாகிக் கிடக்க, யார் யாருடைய ஆள் என்ற கணக்குப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

முறைப்படி நியமனம் கிடைத்தாலும் போதாத காலமும் இருந்தது. 2006இல் பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அச்சுறுத்தல் காரணமாக அவரால் அந்த நாற்காலியில் அமர முடியவில்லை. போர் முடிந்து ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரல் இறுதியில், அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஜனாதிபதியின் உத்தரவில் நீக்கப்பட்டார். அடுத்தவர் வந்தது 2020 ஓகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகத்தை ஒரு தகுதிவாய்ந்த அதிகாரி நடத்தினார்.

தமிழ்நாட்டின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனிச் சட்டம், பெரும்பாலும் வேந்தர் ஆளுநர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் செனட், சிண்டிகேட், வேந்தர் ஆகிய மூன்று தரப்பும் ஆளுக்கொருவரை அனுப்பித் தேடல் குழு அமைப்பார்கள். ஆசிரியர்களுக்கு வாக்கில்லை, அவர்கள் இருக்கும் அவைகளுக்குத் தலா ஒரு பிரதிநிதி, அவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், தேடல் குழுவில் தன் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்றன. 2023இல் ஆளுநர் அந்தப் பிரதிநிதியுடன் நால்வர் குழு அறிவித்தார். மாநில அரசு மானியக் குழுப் பிரதிநிதி இல்லாமல் மூவர் குழு அறிவித்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் காலியான நாற்காலி 2025 நடுப்பகுதியிலும் காலியாகவே இருந்தது.

நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து எடுக்கும் மசோதாக்களை 2022இலேயே சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் நிறுத்திவைத்தார். 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்றது. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் துணைவேந்தர் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையே, 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை 2024 தொடக்கத்தில் முடக்கியிருந்தது. அப்போது பொறுப்பில் இருந்தது உயர்கல்வித் துறைச் செயலரின் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு. ஒரு துறையையே நிர்வகிக்கும் அதிகாரி ஓய்ந்த நேரத்தில் பார்க்கிற வேலையா ஒரு பல்கலைக்கழகம்?

அக்கரைக்கென்று இன்னொரு நோய் உண்டு, அது பணம். 2018 பெப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரே, உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு இலஞ்சம் வாங்கியதாக இலஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில், துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக வேந்தரான ஆளுநர் பன்வாரிலால் புரோகித் மேடையிலேயே பேசினார். பிறகு யாரையும் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டவில்லை என்று விளக்கமும் வந்தது. இங்கே நாம் கட்சியையும் அணியையும் பற்றித்தான் அதிகம் முணுமுணுக்கிறோம். எது மேல் என்று கேட்டால், அணிகள் கண்ணுக்குத் தெரியும் என்பதால் இங்குள்ள நோயையே நான் தேர்வேன்.

இங்கே இன்னொன்றும் நல்லது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தின் கோப் குழு (அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு) துணைவேந்தர்களை நேரில் அழைத்துக் கேள்வி கேட்கிறது. சில அமர்வுகளில் அரசியல் நாடகமும் கலந்திருக்கும். ஆனாலும் கட்டி முடியாத கட்டடத்துக்கும் உயர்கல்விக்கு வெளிநாடு போய்த் திரும்பாத விரிவுரையாளருக்கும் யாரோ ஒருவர் வாய் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல ஒரு துணைவேந்தர் இருந்தால்தான் இதுவும் நடக்கும்.

நியமிப்பது யார் என்ற வழக்கு அக்கரையில் இன்னும் பல ஆண்டு நடக்கட்டும். இங்கே ஜனாதிபதியின் கையொப்பமும் அப்படியே இருக்கட்டும். நியமன நாளிலேயே, நாற்காலி எந்தத் திகதியில் காலியாகும் என்று இரு கரையிலும் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பே தெரிவைத் தொடங்கி, பதவிக்காலம் முடியுமுன் முடித்துவிட வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் முதலில் அதைச் செய்யட்டும்.