எழுதித்தான் வைத்திருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

1989 மார்ச்சில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேலதிகாரியிடம் ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். தலைப்பு ரொம்பச் சாதுவானது: 'தகவல் மேலாண்மை: ஒரு முன்மொழிவு'. மேலதிகாரி மைக் செண்டால் அதன் முகப்பில், தெளிவில்லை ஆனாலும் ஆர்வமூட்டுகிறது என்ற பொருளில் மூன்றே சொற்கள் எழுதி வைத்தார். அதிலிருந்துதான் வலை பிறந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதையை ஒதுக்கிவிட்டு, அறிக்கையை அறிக்கையாகவே படித்தால் எப்படி இருக்கிறது? போன வாரம் மறுபடி உட்கார்ந்து படித்தேன். செண்டால் சொன்னது சரிதான் என்று தோன்றியது, இரண்டு பாதியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தை மாற்றப்போகிறேன் என்று இந்த அறிக்கை ஆரம்பிக்கவே இல்லை. ஒரு அலுவலகப் புகாரோடு ஆரம்பிக்கிறது. செர்னில் பல நாட்டுக்காரர்கள் வந்து போகிறார்கள். ஒருவர் சராசரியாக இரண்டு வருடம்தான் இருக்கிறார். அவர் போகும்போது அவருக்குத் தெரிந்ததும் போய்விடுகிறது. புதிதாக வருகிறவருக்கு யாரைக் கேட்பது என்பதே தெரியாது. எந்த வசதி எங்கே இருக்கிறது என்பது தாழ்வாரப் பேச்சில்தான் பரவுகிறது. இதில் முக்கியமான வரி ஒன்று உண்டு: பல சமயம் தகவல் பதிவாகித்தான் இருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நோய் மறதி இல்லை, தொடர்பு அறுந்துபோவது என்று அந்த வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்து, அதுவரை இருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போகும் மர அமைப்பு உதவாது. செர்னின் நிர்வாகம் காகிதத்தில் மரம் மாதிரி இருந்தாலும் வேலை நடப்பது வலை மாதிரி. குறிச்சொற்களும் உதவாது, ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. இன்றைக்கும் எந்த அலுவலகத்தின் ஷேர்டு டிரைவைத் திறந்தாலும் இந்த இரண்டு பத்திகளுக்கும் சாட்சி கிடைக்கும்.

இந்த விமர்சனம் அனுபவத்திலிருந்து வந்தது. 1980இல் செர்னில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தபோது, எந்த மென்பொருள் எதைச் சார்ந்தது, யார் எழுதியது என்று குறித்துவைக்க 'என்கொயர்' என்று ஒரு நிரல் எழுதினார். கிளம்பும்போது ஃப்ளாப்பியை அங்கே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்த வட்டு தொலைந்தே போய்விட்டது. அறிவு தொலையாமல் இருக்கச் செய்த கருவியே, செய்தவர் போனதும் தொலைந்தது. அறிக்கை என்கொயரைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குள் போகவில்லை. எனக்கு முதல் குறை இங்கேதான்.

இரண்டாவது குறை பெரியது. தன் அமைப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை அறிக்கை பட்டியல் போடுகிறது. இந்த நிரலை யார் எழுதினார்? அவர் எங்கே வேலை பார்க்கிறார்? இந்தக் கருவியை நம்பி எந்தெந்த அமைப்புகள் இருக்கின்றன? கடைசிக் கேள்வி: இந்த ஆவணத்தை எந்த ஆவணங்கள் சுட்டுகின்றன? அந்தக் கேள்வி இருக்கும் அதே அறிக்கையில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: மையக் கட்டுப்பாடே கூடாது, தனித்தனி அமைப்புகள் யாரையும் கேட்காமல் ஒன்றோடொன்று இணைய முடிய வேண்டும்.

இரண்டும் சேர்ந்து நடக்குமா? நான் உங்களை யாரையும் கேட்காமல் சுட்டலாம் என்றால், நான் சுட்டியது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பொதுப் பதிவேடு இருந்தால்தான் தெரியும். பொதுப் பதிவேடு என்றால் மையம் வந்துவிட்டது. இந்த முட்டல் அறிக்கையில் எங்கேயும் பேசப்படவில்லை. பிறகு கட்டப்பட்ட வலை ஒரு பக்கம் சாய்ந்தது: இணைப்பு ஒருவழிப் பாதை, அறுந்தால் அறுந்ததுதான். அப்படிச் சாய்ந்ததால்தான் வலை அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கைவிட்ட கேள்வி சும்மா இருக்கவில்லை. 1996இல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் 'பேக்ரப்' என்ற பெயரில் அதைத்தான் கையில் எடுத்தார்கள். யாரை யார் சுட்டுகிறார்கள் என்று எண்ணியே பிறகு கூகுள் என்ற நிறுவனமானார்கள். மையம் வேண்டாம் என்ற இடத்தில் ஒரு தனியார் மையம் வந்து உட்கார்ந்தது.

இதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படி இல்லை. சில வருடங்களுக்கு முன் நாலு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த ஒரு குழுவில் இருந்தேன். எங்கள் நிரலில் ஒரு அளவீட்டை 1.037ஆல் பெருக்கும் வரி ஒன்று இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏதோ பிழை என்று நினைத்து நான்தான் அந்த வரியை எடுத்தேன். மூன்று மாதம் கழித்து முடிவுகள் உதைத்தன. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு பழைய கூட்டத்தின் 14ஆம் ஸ்லைடில் காரணம் கிடைத்தது. சென்சாரின் வெப்பநிலைத் திருத்தம். மனுஷர் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தார், நிரல் கோப்பின் பெயரோடு. ஸ்லைடுக்கு நிரலைத் தெரியும். நிரலுக்கு ஸ்லைடைத் தெரியாது. அறிக்கையின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செர்னுக்குள் வலையை ஆரம்பத்தில் பலர் திறந்தது பெரிய அறிவைத் தேடி இல்லை, டெலிபோன் டைரக்டரி பார்க்க. ஏற்கெனவே இருந்த தரவை அப்படியே காட்டியதால் யாரும் புதிதாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் போகிறவர் தலையில் இருப்பது எந்த டைரக்டரியிலும் ஏறாது. அதை அவர் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுத நேரமும் ஒரு காரணமும் வேண்டும். அதை யார் கொடுப்பது என்று அறிக்கை கேட்கவே இல்லை. கருவி நன்றாக இருந்தால் தகவல் தானே சேரும் என்று நம்புகிறது. உலகம் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும் அலுவலக விக்கிகள் எல்லாம் இந்த நம்பிக்கையின் வாரிசுகள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், குழு நடத்துகிற நண்பர்களுக்கு நான் முதலில் அனுப்புவது இந்த அறிக்கையைத்தான். அதன் தீர்வுக்காக இல்லை, கேள்விப் பட்டியலுக்காக. இப்போது எங்கள் குழுவில் யாராவது விடைபெறும்போது, 'எல்லாவற்றையும் ஆவணப்படுத்திவிட்டுப் போங்கள்' என்று சொல்வதில்லை. சொன்னால் யாரும் செய்வதும் இல்லை. கடைசி இரண்டு வாரத்தில் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். பதிலை நிரலுக்குள்ளேயே, அந்தந்த வரிக்கு மேலேயே எழுதுகிறோம். 1.037க்கு மேல் இப்போது நாலு வரி இருக்கிறது.