"லினக்ஸ் ஆதரவு" என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பலாமா?



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டப்புறப் பள்ளிகளில் இன்னும் நன்றாக ஓடும் பழைய கணினியை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். "உபுண்டு போடுங்க சார், மின்ட் போடுங்க டீச்சர், காசே இல்ல" என்று பதில் வரும். காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் போட்ட பிறகு வைஃபை வரவில்லை, பிரிண்டர் அசையவில்லை என்றால் எல்லாரும் லினக்ஸைத்தான் திட்டுகிறோம். அந்தத் திட்டு பெரும்பாலும் வன்பொருள் செய்த கம்பெனிக்குப் போக வேண்டியது.

இயங்குதளம் வன்பொருளை நிர்வகிக்கிறது என்று படிக்கிறோம், எழுதுகிறோம், புள்ளியும் வாங்குகிறோம். எப்படி நிர்வகிக்கிறது? ஒவ்வொரு சில்லுக்கும் அதற்கே உரிய கட்டளைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு இடையில் நின்று பேசும் நிரல்தான் டிரைவர், தமிழில் இயக்கி. சில்லைச் செய்தவர் விவரக் குறிப்பைக் கொடுத்தால் தெரிந்தவர் யாரும் இயக்கி எழுதலாம். கொடுக்காவிட்டால், அந்தச் சாதனம் விண்டோஸோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டு, ஊகித்து ஊகித்து எழுத வேண்டும். லினக்ஸில் பல இயக்கிகள் அப்படிப் பிறந்தவைதாம்.

ஓர் எடுத்துக்காட்டு. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை. முதல் பதிப்பில் ஏதெரோஸின் ஏஆர்9271 சில்லு இருந்தது. அதற்குரிய இயக்கி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் செருகினால் போதும், வேலை செய்யும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லுக்கு மாறிவிட்டார்கள். பெயர் அதே பெயர். இணையத்தில் "அருமையா ஓடுது" என்று யாரோ எழுதியதைப் படித்து வாங்கியவர், இரண்டாம் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சில்லை மாற்றுவது கம்பெனியின் உரிமை. புதுச் சில்லுக்குப் பழைய பெயரையே சூட்டி, லேபிளில் ஒரு சின்ன பதிப்பு எண்ணோடு நிறுத்திக்கொள்வது வாங்குபவரை மதிக்கிற செயல் அல்ல.

"ஆதரவு" என்ற சொல்லிலேயே இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. மூலநிரலோடு கெர்னலுக்குள் சேர்ந்துவிட்ட இயக்கி ஒரு வகை. கெர்னல் மாறும்போது அதைப் பராமரிப்பவர்கள் இயக்கியையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். கம்பெனி தன் தளத்தில் தனியே வைத்திருக்கும் கோப்பு இன்னொரு வகை. லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் இன்று ஓடும் கோப்பு அடுத்த அப்டேட்டில் படுத்துவிடலாம். கம்பெனிக்கு ஆர்வம் போனால் கதை முடிந்தது. நம் தாத்தா பாட்டிகள் இருந்த தோட்டத்து வீடு மாதிரி. முப்பது வருஷம் குடியிருந்தாலும் கம்பெனி வீடு கம்பெனி வீடுதானே, தோட்டம் கைமாறினால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். பெட்டியில் இருக்கும் "லினக்ஸ் ஆதரவு" இதில் எந்த வகை என்று பெட்டி சொல்லாது.

2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், தாங்கள் கையாண்ட கம்பெனிகளிலேயே என்விடியாதான் ஆக மோசம் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கெட்ட வார்த்தையோடு திட்டினார். பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதம், அந்தக் கம்பெனி தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்து வெளியிட்டது. கைதட்டலாம். ஆனால் டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் மட்டும்தான். நம் கணினி அறையிலுள்ள பழைய கார்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. மேசைக்கணினியில் லினக்ஸ் வைத்திருப்போர் குறைவு, சில நிரல்கள் பிறரிடம் உரிமம் பெற்றவை, வைஃபை என்றால் வானலைச் சட்டமும் குறுக்கே வரும். செலவாகும் என்ற சாக்கை மட்டும் நான் ஏற்கமாட்டேன். விவரக் குறிப்பைக் கொடுங்கள், இயக்கியை நாங்களே இலவசமாக எழுதித் தருகிறோம் என்று 2007-இலேயே கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

வாங்குபவர் பெரியவராக இருந்தால் பேச்சு மாறும். தமிழ்நாட்டில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் சூஸே லினக்ஸுக்கு மாறியது. பின்னர் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு கேட்டால் விற்பவர் செய்துதான் ஆக வேண்டும். நம் நாட்டிலும் 2004-இல் மம்பு பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் வெளியிட்டது. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் மலாக்கா டவுனில் ஒரு பிரிண்டர் வாங்கும் பள்ளிக்கு அந்தப் பலம் ஏது?

பிரிண்டரில் மட்டும் வழி திறந்திருக்கிறது. அதைத் திறந்தது நாம் இல்லை, கைப்பேசி. ஐபோனில் பிரிண்டருக்கு இயக்கி நிறுவ முடியாது. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரின்ட் கொண்டுவந்ததும், லினக்ஸ்காரர்கள் பல வருஷம் கெஞ்சியும் அசையாத கம்பெனிகள் வரிசையில் வந்து நின்றன. ஏர்பிரின்ட் பயன்படுத்தும் முறை லினக்ஸுக்கும் புரியும். ஆகவே பெட்டியில் பெங்குயின் படத்தைத் தேடாதீர்கள், ஏர்பிரின்ட் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை இதில் சேராது. அதற்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினியிலிருந்து ஃபெர்ம்வேர் ஏற்ற வேண்டும், அந்தக் கோப்பும் மூடிய கோப்பு. வைஃபைக்கு, பெயரோடு பதிப்பு எண்ணையும் சில்லின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். மடிக்கணினி என்றால் உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கொண்டுபோய், கடையிலேயே அதில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.